ஜுவாலஜியும் தவளைக் கல்யாணமும்

என் தம்பி சக்கரபாணி இண்டர்மீடியட் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டு, தவளையிடம் மட்டும் இரண்டு தடவை தோற்றவன். இதைச் சொன்னால் இன்றைக்கும் அவன் முகம் சுருங்கும். சுருங்கட்டும். கூடப் பிறந்த அக்காள் கெங்கம்மாள் நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

எழுத்துப் பரீட்சையில் அவனை அசைக்க முடியாது. ஆனால் பிராக்டிகல் என்று ஒன்று இருக்கிறதே! மெழுகு ஊற்றிய தட்டில் மயக்கம் போட்ட தவளையை மல்லாத்தி, நான்கு காலிலும் குண்டூசி குத்தி, வயிற்றைக் கீறி, இரத்தக் குழாய்களை ஒன்றும் அறுபடாமல் எடுத்துக் காட்ட வேண்டுமாம். அங்கேதான் ஐயாவுக்குக் கை நடுங்கும். முதல் தடவை பெரிய குழாயிலேயே கத்தி போட்டுவிட்டான். தட்டு முழுக்க இரத்தம், அதில் எது இதயம் எது ஈரல் என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டாவது தடவை மயக்க மருந்தைப் பயந்து பயந்து ஊற்றியிருக்கிறான். தவளை குண்டூசியோடு எழுந்து பரீட்சை அதிகாரியின் கோட்டு மேல் குதித்துவிட்டது. அதற்கு யார் மார்க்குப் போடுவார்கள்?

எங்கள் அப்பா முருகையன் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மானாவாரிக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். இரண்டாம் தடவை போனதும் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்.

"இதான் கடைசி. செப்டம்பர்லயும் போச்சின்னா பொட்டியக் கட்டிக்கினு கொல்லைக்கு வந்துடு. டாக்டரும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

சக்கரபாணிக்கோ டாக்டர் ஆவதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. சின்ன வயதில் எனக்குத் தலைவலி என்றாலே வேப்பங்குச்சியை வாயில் வைத்து ஜுரம் பார்த்தவன். அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பார்க்கப் படித்தது மறக்கிறது என்று சொல்லி, புத்தகப் பெட்டியோடு ரயிலேறித் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

வந்தவன் என்னை விடவில்லை. பிராக்டிகலில் வாய்க்கேள்வியும் உண்டாம், அதற்காகப் பழைய கேள்வித்தாள்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்திருந்தான். நான் மிஷன் பள்ளியில் மூன்றாம் பாரம், இப்போதைய எட்டாவது, வரை படித்தவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அர்த்தம் கேட்டால் முழிப்பேன். நான் கேள்வியை வாசிக்க வேண்டும், அவன் கண்ணை மூடிக்கொண்டு பதில் ஒப்பிக்க வேண்டும், பிறகு எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். இதுதான் ஏற்பாடு. என் மாமியார் லட்சுமியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

"அமீபாவுக்குச் சாவு கெடையாது, ஏன்னு கேட்டிருக்காங்க அத்தை" என்றான் சக்கரபாணி.

"வேல வெட்டி இல்லாம சும்மா கெடக்குது. அது எப்பிடி சாவும்?"

"அப்பிடி இல்லீங்க. வயசாச்சின்னா அது ரெண்டா பிரிஞ்சிடும். ரெண்டும் புது அமீபா."

"பாகப்பிரிவினையா? அப்போ சண்ட போட்டுக்கினே செத்திருக்குமே!"

மண்புழு உழவனின் நண்பன் என்பதை விளக்கு என்று இன்னொரு கேள்வி. அதற்கு இவன் நான்கு பக்கம் ஒப்பித்தான். "சிநேகிதனா இருந்தா ஒரு நாளாச்சும் களை எடுக்க வந்துதா?" என்று அத்தை கேட்டார். ஆண் தவளைக்கும் பெண் தவளைக்கும் உள்ள வேறுபாடுகள் என்ற கேள்விக்கு மூச்சு விடாமல் ஒப்பித்தபோது எனக்கே பொறுக்கவில்லை. "இதெல்லாம் தெரிஞ்சிக்கினு எவன்டா தவளை வூட்டுக்குச் சம்பந்தம் பேசப் போறான்?" என்றேன். அவன் கேள்வித்தாளைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டான்.

சம்பந்தம் பேசத்தான் வேண்டியிருந்தது. ஏனென்றால் அப்போது மழை இல்லை. போன வருஷமும் இல்லை, அந்த வருஷமும் இல்லை. கிணற்றில் குடம் தரையைத் தட்டியது. ஆடி போய் ஆவணி வந்தும் ஒரு பொட்டுத் தூறல் இல்லாமல் போகவே, எங்கள் தெருப் பெண்கள் கூடித் தவளைக்குக் கல்யாணம் செய்து வைப்பதென்று முடிவு செய்தார்கள். தலைமை என் அத்தை. அவர் இல்லாமல் அந்தத் தெருவில் காது குத்துக் கூட நடக்காது.

கோயில் குளம் வற்றி, படிக்கட்டின் அடியில் மட்டும் கொஞ்சம் சேறு கிடந்தது. அதில் இரண்டே இரண்டு தவளை. ஒன்று நல்ல தாட்டியாக, ஒன்று ஒடிசலாக. "மாப்பிள்ள பெரிசா இருக்கணும், பொண்ணு அடக்கமா இருக்கணும், ஜோடி பிரமாதம்!" என்று அத்தை சொல்லிவிட்டார். நான் பெண் வீடு. ஒடிசல் தவளைக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, இடுப்பில் மஞ்சள் கயிறு கட்டியது நான்தான். முறத்தில் வைத்து மேளத்தோடு ஊர்வலம் விட்டு, இரண்டையும் திரும்பச் சேற்றிலேயே கொண்டுபோய் விட்டோம்.

மழை வரவில்லை. மேளக்காரன் சரியாக அடிக்கவில்லை என்றார்கள். பாயசத்தில் வெல்லம் குறைச்சல் என்றார்கள். வெல்லம் போட்டது நான் என்பதால் அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்தினேன்.

இதற்குள் சக்கரபாணிக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது. பட்டணத்துக் கல்லூரியில் கெஞ்சி வாங்கிவந்த சின்னப் புட்டி மயக்க மருந்து கையில் இருந்தது, கத்தி இருந்தது, தட்டு இருந்தது, தவளைதான் இல்லை. ஒரே ஒரு தடவை தனியாக அறுத்துப் பழகிவிட்டால் கை நடுக்கம் போய்விடும் என்று அவனுக்கு நம்பிக்கை. வாய்க்கால், கிணறு, ஓடைப் பள்ளம் எல்லாவற்றையும் அலசிவிட்டு வெறுங்கையோடு வருவான். சோறு இறங்காது. "இந்தத் தடவயும் போச்சின்னா நான் அவ்ளோதாங்கா" என்பான்.  என் பயத்தை வெளியே காட்டாமல், "தவளைய நெனச்சே எளைச்சிப்பூட்டியே, உன்னையே அறுத்துப் பாக்கலாம் போல இருக்குது" என்று சீண்டுவேன்.

பட்டணத்துக்குக் கிளம்ப வேண்டியதற்கு முந்தின நாள், மண்சட்டி ஒன்றைத் துணியால் மூடி ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு. கொல்லைப்புறத்துத் துவைகல்லில் தட்டை வைத்து, குண்டூசிகளை வரிசையாக அடுக்கி, துணியை விலக்கித் தவளையைத் தூக்கினான். அதன் இடுப்பில் மஞ்சள் கயிறு.

"அடப்பாவி! நான் கட்டின கயிறுடா அது!" என்று நான் போட்ட கூச்சலில் அத்தை அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டார்.

"ஊரே கூடி தாலி கட்டி வெச்ச பொண்ண அறுக்க வந்தியா? மழ எப்பிடி பெய்யும்? நீ இப்பிடி கத்தியத் தூக்கிக்கினு திரிஞ்சா எப்பிடி பெய்யும்?"

அவனுக்குத் தவளையைவிட என் அத்தையிடம்தான் நடுக்கம் அதிகம். கையில் இருந்த தவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே துவைகல் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தை, இது பொண்ணு இல்லீங்க."

"இன்னாது?"

"ஆம்பளைங்க. இதோ பாருங்க, கழுத்துல ரெண்டு பக்கமும் பை தொங்குது. இத ஊதிக்கினுதான் கத்தும். பொம்பள தவளைக்கு இது கெடையாது. முன்னங்கையில மொத வெரல்ல தடிப்பு இருக்குது பாருங்க, அதுவும் ஆம்பளைக்குத்தான்."

"அப்போ பெரிசு?"

"பெரிசுதான் பொண்ணுங்க. தவளையில பொம்பளதான் பெரிசா இருக்கும்."

 என் மாமனார் ஒல்லிக்குச்சி, அத்தை அவரைப்போல் இரண்டு பேர். ஒரு தடவை குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டார். பிறகு தலையில் கைவைத்து, "அடக் கண்றாவியே! மாப்பிள்ள கழுத்துலயா தாலி கட்டினோம்?" என்றார். கழுத்தில் இல்லை, இடுப்பில் என்று நான் திருத்தினேன். முறைத்தார்.

விஷயம் தெருவெல்லாம் பரவிவிட்டது. மறுபடி முறையாகக் கல்யாணம் செய்ய வேண்டும், எது ஆண் எது பெண் என்று சபையில் காட்டிக் கொடுக்கச் சக்கரபாணி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மறுநாள் சாயங்காலம் முகூர்த்தம். அவன் அதே சாயங்கால ரயிலில்தான் பட்டணம் போவதாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் மத்தியானம் பிராக்டிகல்.

"அத்தை, பரீட்சைங்க. எனக்குப் பேஜாரு பண்ணாதீங்க."

"மத்தியானத்துக்குத்தான பரீட்ச? விடிய ஒரு வண்டி இருக்குது, அதுல ஜல்தியா போயிடு. நீ இல்லாம நாங்க மறுபடியும் மாத்திக் கட்டிட்டா?"

"அப்போ கல்யாணம் முடிஞ்சி அந்தச் சின்னத எனக்குக் குடுத்துடுவீங்களா?"

"மாப்பிள்ளையவா?" என்று அத்தை கேட்டதும் அவன் கத்தியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

அந்தக் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு கையிலும் இரண்டு தவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் சக்கரபாணி. சுற்றிலும் பெண்கள். தவளைக்குப் பல் உண்டா, முட்டைக்குள் வால் எப்படி வந்தது, வால் பிறகு எங்கே போனது, தண்ணீர் குடிக்குமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பல்கலைக்கழகத்துக்காரர்கள் கூட அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். அவனும் கண்ணை மூடவில்லை, ஒப்பிக்கவில்லை, தவளையைக் காட்டிக் காட்டிச் சொன்னான். பெரிய தவளை நழுவப் பார்த்தபோது லாகவமாக மடக்கிப் பிடித்தான். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கை நடுங்கலடா உனக்கு" என்று காதில் சொன்னேன்.

அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "பாஸ் பண்ணிடுவேங்கா" என்றான். அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டான்.

பின்னிரவிலேயே மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. ஓட்டுக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. தெருப் பெண்கள் கிழவி முதல் குமரி வரை வாசலில் நின்று நனைந்தார்கள். அத்தை மழையில் நின்றபடி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் நனைந்தேன். அந்தச் சந்தோஷத்தில் ரயிலை நினைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அவனைத் தவிர.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினான். என் வீட்டுக்காரர் அங்கே கூட்ஸ் குமாஸ்தா. விக்கிரவாண்டிப் பக்கம் ஓடை பெருகி தண்டவாளத்தின் அடியில் மண்ணை அரித்துப் போய்விட்டது, விழுப்புரத்திலிருந்து ஒரு வண்டியும் வராது என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். பஸ்ஸும் இல்லை, ரோட்டின் மேல் இடுப்பளவு தண்ணீர். மத்தியானம் வரை பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டு, பரீட்சை மணி தாண்டிய பிறகு வீட்டுக்கு வந்தான். வழியெல்லாம் சனங்கள், "தவளை டாக்டரு நல்லா இருக்கணும்" என்று வாழ்த்தியிருக்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு அவன் எப்படி நடந்து வந்தானோ! ஈரத்துணியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். 

அத்தை சூடாகக் கேப்பைக் கூழ் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். "நேத்து சாயங்காலமே வுட்டிருந்தா போய்ச் சேந்திருப்ப. நான்தான்டா கெடுத்தேன்" என்று மூக்கைச் சிந்தினார். அத்தை அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "போனாப் போவுதுங்க அத்தை" என்றான் அவன். போனால் போகிற விஷயமா அது?

மறுநாள் பொழுது சாயும் நேரம் அப்பா வந்தார். விழுப்புரத்திலிருந்து பாதி தூரம் கட்டை வண்டியில், மீதி நடை. தலையில் கோணிப்பை, முழங்கால் வரை சேறு. சக்கரபாணி எழுந்து சுவரோரம் நின்றான்.

"பரீட்ச எழுதலப்பா."

"வண்டி இல்ல, தெரியும்."

நான் குறுக்கே விழுந்தேன். "அவன் மேல தப்பு இல்லப்பா. நாங்கதான் புடிச்சி வெச்சிக்கினோம். இந்தத் தடவ நிச்சயமா பாஸ் பண்ணியிருப்பான். கை நடுங்கல, நானே பாத்தேன்."

அப்பா காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் கொடுத்த துண்டால் தலையைத் துவட்டினார்.

"மார்ச்சுல இருக்குது இல்ல? அப்போ எழுது."

சக்கரபாணிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "இதான் கடைசின்னு சொன்னீங்களேப்பா."

"நீ பெயிலானதுக்கா சொன்னேன்? மழையே ரெண்டு வருஷமா பெயிலுடா. வாடிக்கினு இருந்த கொல்லைய வெச்சிக்கினு உன்ன எப்பிடி படிக்க வெக்கறதுன்னு எனக்குத் தெரியல. அத உங்கிட்ட சொல்ல வாய் வரல, அதனால உன்னத் திட்டினேன்."

பிளாட்பாரத்தில் அழாதவன், ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தபோது அழாதவன், அப்போது சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். அப்பா அவனைப் பார்க்காமல் துண்டைப் பிழிந்துகொண்டே, "மல்லாட்ட பொழைச்சிக்கிச்சி, நீ போய்ப் படி" என்றார்.