ஒற்றை எழுத்துப் பதில்

அப்பாவின் நெற்றியில் கலைந்திருந்த திருநீற்றைச் சங்கரி மறுபடி பூசிக்கொண்டிருந்தபோது, தம்பி முத்துக்குமார் வாசலில் செருப்பைக் கழற்றினான். புனேயிலிருந்து வந்தவன் வந்ததும் அழுதான். அழுது முடித்ததும் கேட்டான்.

"ஆஸ்பத்திரியில இருந்து ஏன்கா தூக்கிக்கினு வந்தே? மெஷின் வச்சிருந்தா பொழைச்சிருப்பாரு. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

தறியோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சங்கரி கேட்காமலா இருந்தாள்? மூச்சுக்கு மெஷின் வைக்கவா, வீட்டுக்குக் கூட்டிப்போகிறீர்களா என்று டாக்டர் கேட்டதுமே போன் போட்டாள். மீட்டிங் என்று கட் பண்ணினான். "அப்பாவ வீட்டுக்கு கூட்டிக்கினு போயிடட்டுமா?" என்று வாட்ஸப்பில் போட்டாள். "ok" என்று வந்தது.

அவன் பதில்களைப் படிக்க அவளை விட்டால் ஆளில்லை. வெறும் "k" என்றால் தொந்தரவு செய்யாதே. "kk" என்றால் பக்கத்தில் பெண்டாட்டி இருக்கிறாள். "okay ka" என்று முழுசாக எழுதினால் அவனுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டும். "ok" கொஞ்சம் மரியாதையானது, இரண்டு எழுத்து அடிக்கத் துரைக்குப் பொறுமை இருந்த நாள்.

அப்பாவுக்குக் கண் மங்கியதிலிருந்து போனைப் படித்துச் சொல்வது அவள் வேலை. அப்பாவுக்கு ஜுரம் என்று போடுவாள். "k" வரும். தறியை நிறுத்திவிட்டு அப்பா கேட்பார், "என்னாம்மா சொல்றான்?"

"வேளைக்கு சாப்புட சொல்றான்பா. வேலைய கொறச்சிக்க சொல்றான். உன்ன அங்கயே வந்து இருக்க சொல்றான்."

அந்த ஒற்றை எழுத்தை அவள்தான் இத்தனை நீளத்துக்கு இழுத்தாள். அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்துப்போவார். இப்போது அது அவள் தலையிலேயே விடிந்தது.

அம்மாவின் தம்பி மணிவண்ணன் தொண்டையைக் கனைத்தார். "தெனம் தெனம் விசாரிச்ச புள்ளமா. நான் வரும்போதெல்லாம் மச்சான் அதத்தான் சொல்லுவாரு. அவன கேக்காம நீ எப்பிடிமா முடிவு பண்ணுவே?"

சங்கரி இடுப்பிலிருந்து போனை எடுத்துத் திறந்தாள். தள்ளத் தள்ள k, k, kk. கடைசியில் அந்த ok. மாமாவின் முகத்துக்கு நேராக நீட்டினால் போதும். முத்துக்குமார் போனைப் பார்த்தான். அவனுக்கு நினைவு வந்துவிட்டது. முகம் செத்துப்போயிற்று.

நீட்டினால் அவன் மட்டுமா மாட்டுவான்? அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது அவர் தலைமாட்டிலேயே பொய்யாகிவிடும். அந்தப் பெருமையைத் தவிர மகனிடம் அந்த மனிதர் வேறென்ன கண்டார்?

"என்னாமா அதுல?" என்றார் மாமா.

"ஒன்னுமில்ல மாமா. நான்தான் அவன கேக்கல."

தம்பி வாய் திறப்பான் என்று காத்திருந்தாள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"போவுது விடு. பொம்பளப்புள்ள, பதட்டத்துல பண்ணிட்டா" என்று சொல்லி மாமா எழுந்தார்.

முத்துக்குமார் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். இப்படியொரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பினார்கள். சங்கரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் முதல் குடம் தண்ணீரை ஊற்றினாள்.