ஊசி பிடிப்பவள் பேசக் கூடாது

தட்டில் அடுக்கியிருந்த மின்னணுப் போர்டுகளில் ஒன்றில் பேட்டரியைப் பொருத்திவிட்டு, கைப்பேசியில் அதன் பெயர் வருகிறதா என்று அண்ணி பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அடுத்ததைப் பொருத்தினாள். அதுவும் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தது. பாதித் தட்டைப் பார்த்து முடித்தும் ஒன்றுகூட உயிர் பெறவில்லை.

ஒரு குளிர்பதனக் கிடங்குக்காக அவளே வரைந்து செய்யச் சொன்ன போர்டு அது. தீப்பெட்டியைவிடச் சிறியது. அறையின் குளிரை அளந்து, கம்பியில்லாமல் காற்றிலேயே சொல்லிவிடும். வழக்கமாக நிரல் ஏற்றிய சிப்புகள்தான் வரும். இந்த முறை விற்பனையாளர் வெற்றுச் சிப்புகளை அனுப்பியிருக்கிறார். போர்டு செய்தவர்களும் பார்க்காமல் கொள்ளாமல் பற்றவைத்துவிட்டார்கள்.

ஒருமுறை நிரல் ஏறிவிட்டால், பிறகு எந்த மாற்றத்தையும் காற்றிலேயே அனுப்பலாம். அந்த முதல் நிரலை மட்டும் கம்பி வழியாகத்தான் ஏற்ற வேண்டும். காதே முளைக்காதவனிடம் ரகசியம் சொல்ல முடியுமா? கம்பியைச் செருக ஓர் இணைப்பி வேண்டும். இடம் பற்றவில்லை என்று அண்ணி இந்தப் போர்டில் அதை வைக்கவே இல்லை. மிளகைவிடச் சிறிய இரண்டு புள்ளிகள்தான் இருந்தன. கம்பி முனையில் பொருத்திய இரண்டு ஊசிகளை, புள்ளிக்கொன்றாக, இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்தால், கணினியில் விசையைத் தட்டக் கை ஏது?

"கால் கட்டைவிரலால தட்டேன்" என்றார் அவள் கணவர், வாசலில் நின்றபடி.

"வந்து பிடிங்க, அப்புறம் பேசுங்க."

அவர் வந்து பிடித்தார். ஊசி இரண்டும் போர்டு முழுக்க ஊர்வலம் போயின. ஊசி பட்டவுடன் கணினி தானாகத் தொடங்கும்படி அண்ணி மாற்றிப் பார்த்தாள். கை நிலைப்பதற்குள் அது முந்திக்கொண்டு பாதியில் அறுந்தது. நாளைக் காலையில் கிடங்கின் வண்டி வந்துவிடும்.

"இதுக்கெல்லாம் நம்ம வாலுதான் லாயக்கு" என்றார் அவர்.

வாலு அவருடைய தங்கை. அண்ணிக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். அண்ணி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு, இந்தப் பட்டறையைத் தொடங்கியதே இருவரும் சேர்ந்துதான். பிறகு ஒருநாள், பெரிய கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், அண்ணனை வம்புக்கு இழுப்பாள். பட்டறைப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்க மாட்டாள். திரும்பி வருகிறாயா என்று கேட்க அண்ணி எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டால் இருக்கிற உறவும் கசந்துவிடுமே என்று விழுங்கிவிடுவாள்.

இன்றைக்கு விழுங்க முடியாது. போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"எத்தனை போர்டு அண்ணி?"

"ஒரு தட்டு நிறைய இருக்குடி."

"மகராசி, இணைப்பி வைக்கலையா? சரி, வர்றேன். கழுத்துக்குத் தைலம் எடுத்து வைங்க."

அவள் வந்து சேர்வதற்குள் அண்ணி மேஜையை ஒதுக்கினாள். ஒதுக்கும்போதே மனம் பட்டறை முதலில் இருந்த பழைய அறைக்குப் போய்விட்டது. மாடிப்படிக்குக் கீழே, பழைய பெட்டிகளும் ஓடாத மின்விசிறியும் கிடந்த அறை. நிமிர்ந்தால் படியில் தலை இடிக்கும். யாராவது மாடிக்கு ஏறினால் மேஜை அதிரும். அதனால் நிரல் ஏற்றும்போது வீட்டில் ஒருவரும் படியில் கால் வைக்கக் கூடாது என்று வாலு சட்டம் போட்டிருந்தாள். மாமனாரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே காத்து நிற்பார்; "நான் மேல போகலாமா, இல்ல உத்தரவு வரணுமா?" என்பார்.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஊசி பிடிப்பவள் பேசக் கூடாது. தயார் என்பதற்கு ஒரு 'ம்'. அவ்வளவுதான். பேசினால் கை ஆடும்.

போர்டு உயிர் பெற்றதும் கைப்பேசியில் அதன் பெயர் தோன்றும். சோதனைக்கு எண் போட்டால் போதும். வாலு கேட்பாளா? சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் வைப்பாள். தூரத்திலிருந்தும் கணீரென்று கேட்பது பெரியத்தை. இதோ வருகிறேன் என்று காட்டிவிட்டு வராமலே போவது சித்தப்பா. அனுப்புவதற்கு முன் பெயரை மாற்றிவிட வேண்டும். ஒருமுறை மறந்துவிட்டார்கள். வாங்கியவர் போன் செய்து, "அம்மா, என் குளிர்பெட்டியில சிடுமூஞ்சி மாமான்னு யாரோ இருக்காரே?" என்று கேட்டார். அன்றைக்கு இருவரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு அண்ணிக்கு வாய்க்கவே இல்லை.

வாலு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டறைக்குள் ஒரு கணம் தயங்கி நின்றாள்.

"எல்லாம் மாறிப்போச்சு. தலை இடிக்கலையே அண்ணி, எப்படி வேலை ஓடுது?"

"இடிக்கிறதுக்குத்தான் உங்க அண்ணன் இருக்காரே."

உருப்பெருக்கி விளக்கை இழுத்துக்கொண்டு வாலு குனிந்தாள். முழங்கைகளை மேஜையில் ஊன்றி, ஊசிகளைப் புள்ளிகளில் வைத்தாள்.

"ம்."

அண்ணி விசையைத் தட்டினாள். திரையில் பச்சைக் கோடு மெல்ல நீண்டு முடிந்தது. கைப்பேசியில் புதுப் பெயர் ஒன்று முளைத்தது. அடுத்த போர்டு. ம். தட்டு. அடுத்தது. கைகள் ஒன்றையும் மறக்கவில்லை. வாலுவின் பின்னங்கழுத்தில் மட்டும் சில நரைமுடிகள் புதிதாக இருந்தன.

தட்டு பாதி காலியானது. வேலை முடிந்தால் இவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். இப்போது விட்டால் பிறகு கேட்கவே முடியாது. அதிலும் ஊசி பிடித்திருப்பவள் குறுக்கே பேச மாட்டாள்.

"ம்" என்றாள் வாலு.

அண்ணி விசையைத் தட்டினாள். "நீ ஏன்டி என்னை விட்டுட்டுப் போனே?"

ஊசி வழுக்கியது. பச்சைக் கோடு பாதியில் சிவந்து நின்றது.

"அண்ணி! ஊசி பிடிச்சிருக்கும்போதா கேட்பீங்க?"

"வேற எப்போ கேட்டாலும் நீ பேச்சை மாத்திடுவே."

வாலு ஊசிகளைக் கீழே வைத்தாள். "நானா போனேன்? நீங்கதானே அனுப்பினீங்க."

"நானா?"

"ஊசிப்பலகை செஞ்சீங்கல்ல? போர்டை வெச்சு மூடினா போதும், ஊசியெல்லாம் தானா படும்னு. அன்னைக்கு நான் காலையில வந்து பாக்குறேன், என் நாற்காலிய எடுத்து வெளியில போட்டுட்டு, அந்த இடத்துல அதை வெச்சிருந்தீங்க. இனிமே நீ எதுக்குன்னு இதைவிடப் பதமா யாரு சொல்ல முடியும்?"

அந்தப் பலகைக்காக ராப்பகலாகத் துளை போட்டது அண்ணிக்கு நினைவுக்கு வந்தது.

"அடிப் பாவி, அது உன் கழுத்துக்காகச் செஞ்சதுடி. வலி தாங்காம தலைய ஒரு பக்கமா வெச்சுக்கிட்டு நடந்தியே. உனக்குத் தெரியாம செஞ்சு திடீர்னு காட்டணும்னு இருந்தேன்."

"நாற்காலி?"

"அந்த அறையில வேற எங்க வைக்கிறது? சாயந்திரம் உனக்கு நல்ல நாற்காலியா ஒண்ணு பார்த்து வாங்கலாம்னு இருந்தேன். நீ மத்தியானமே வேலை கிடைச்சிருச்சுன்னு வந்து நின்னே."

"அன்னைக்கு மத்தியானம்தான் அந்தக் கம்பெனிக்குச் சரின்னே சொன்னேன்" என்றாள் வாலு மெதுவாக. பிறகு குரல் உயர்ந்தது. "இதை அப்பவே வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"நீயும் திறந்து கேட்க வேண்டியதுதானே?"

வாசலில் நிழல் தெரிந்தது. "சண்டையா? வேலை நடக்குதா?" என்றார் அவர்.

"நீ போ அண்ணா" என்றாள் ஒருத்தி. "நீங்க போங்க" என்றாள் மற்றவள். அவர் போய்விட்டார்.

பாதியில் நின்ற போர்டை வாலு எடுத்தாள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, எழுதியதை அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினால் சரி. ஆனால் ஊசிகளை அண்ணியின் கையில் கொடுத்தாள்.

"இந்தத் தடவை நீங்க பிடிங்க. நான் தட்டுறேன்."

அண்ணி குனிந்தாள். கண் கலங்கியிருந்ததால் புள்ளி இரண்டும் நாலாகத் தெரிந்தன. ஒருவழியாக ஊசிகளை ஊன்றினாள். "ம்."

வாலு விசையைத் தட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"கம்பெனி வேலைய விட மாட்டேன் அண்ணி. அது என் உழைப்பு. சரியா?"

பேசினால் கை ஆடும். "ம்" என்றாள் அண்ணி.

"ஆனா சனிக்கிழமை எனக்கு லீவு. வாராவாரம் வருவேன். அது முழுக்க இந்த மேஜைக்கு. எனக்குன்னு ஒரு நாற்காலி வேணும். அதுல நீங்க உட்பட யாரும், எதுவும் உட்காரக் கூடாது."

"ம்."

"இந்தப் போர்டுக்கும் ஊசிப்பலகை செஞ்சே ஆகணும். என் கழுத்து என்ன இரும்பா?"

"ம்."

"போர்டுக்கெல்லாம் பேரு நான்தான் வைப்பேன்."

அண்ணி ஒரு நொடி யோசித்தாள். கிடங்குக்காரர் கொஞ்சம் முன்கோபி. இருந்தாலும், "ம்" என்றாள்.

திரையில் கோடு எப்போதோ முழுதாகப் பச்சையாகியிருந்தது.

"அண்ணி, ஏறிடுச்சு. ஊசியை எடுங்க."

அண்ணி எடுக்கவில்லை. குனிந்த தலை குனிந்தபடி, "வேற ஏதாவது இருக்கா? இப்பவே சொல்லிடு" என்றாள்.