பக்கத்துக் குவியல்காரர்

"பையன் எந்த ஊரு?"

கொள்முதல் நிலையத்தில் சிந்திய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த ஜெயா, விளக்குமாற்றை நிறுத்திவிட்டு ஒரு நாள் குந்தவையிடம் இப்படித்தான் கேட்டாள். பதினேழு வயதுப் பெண் காலையிலிருந்து தலை நிமிராமல் போனைப் பார்த்துச் சிரிப்பதும் உதட்டைக் கடிப்பதுமாக இருந்தால் வேறு என்ன கேட்பார்கள்? குந்தவைக்குக் காது மடல்வரை சூடேறியது. போனை ஜெயாவின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இது என்னடி, குதிரையும் யானையுமா நிக்கிது?"

"செஸ்ஸுக்கா."

"அது சரி. அந்தப் பக்கம் யாரு?"

"பிரேசில்."

"ஐயய்யோ! கும்பகோணத்துப் பக்கமா ஒரு மாப்பிள்ளை கிடைக்கலையா உனக்கு?"

அக்கம்பக்கத்துக் குவியல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பக்கத்துக் குவியல்காரர் செல்லதுரை. சொந்த டிராக்டர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொண்டை. உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் முதல் நாளே, "என்னைச் சித்தப்பான்னு கூப்பிடு" என்று சொல்லிவிட்டார்.

குறுவை அறுத்து, நெல்லைக் கொண்டுவந்து நிலையத்து வாசல் களத்தில் கொட்டி, குந்தவை வீட்டாருக்கு அன்றோடு ஐந்து நாள் ஆகியிருந்தது. முறை வரும்வரை நெல்லை விட்டு நகர முடியாது. ஆடு வாய் வைக்கும். வெயில் வந்தால் கிளறிவிட வேண்டும், மழை வந்தால் மூட வேண்டும். அப்பா தமிழரசன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். அம்மா கலைமகளுக்கு மாடு, சமையல், அடுத்த சம்பாவுக்கு நாற்றங்கால் என்று வேலை. அதனால் பகலில் குந்தவை காவல், பொழுது சாய்ந்தால் அம்மா.

அவள் பதினோராம் வகுப்பில் பாதியில் நின்றவள். யாரும் நிறுத்தவில்லை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். எழுந்தாள், குரல் எழவில்லை. பின்வரிசையில் சிரித்தார்கள். மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் வயிற்றுவலி என்றாள். மூன்றாவது வாரத்திலிருந்து புத்தகப் பை ஆணியிலேயே தொங்கியது. அம்மா அழுதாள், அப்பா போனில் கத்தினார், பிறகு எல்லாருக்கும் பழகிப்போயிற்று.

அந்த செஸ் தளம் அவளுக்குக் கிடைத்தது அதற்கும் முன்னால், பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த ஆண்டில். அதில் விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. மனமிருப்பவர்கள் உலகமெங்கும் இருந்து தருவதை வைத்துக்கொண்டு நடத்துகிறார்கள் என்று எழுதியிருந்தது. தந்தவனுக்கும் தராதவனுக்கும் ஒரே பலகைதான். செல்லதுரை ஒரு நாள் இதை நம்ப மறுத்தார்.

"சும்மாவா தர்றான்? பின்னாடி எதையோ புடுங்கப் போறான், பாத்துக்க."

"இல்ல சித்தப்பா. கோயில்ல அன்னதானம் போடுறாங்கல்ல, அந்த மாதிரி."

அவ்வளவு நீளமாக அவள் பேசியதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவள் அவரிடம் சொல்லாத ஒன்றும் இருந்தது. அவர் என்ன, அம்மாவிடமே சொன்னதில்லை. வீட்டில் துணிப்பெட்டிக்கு அடியில் மூன்று நீள நோட்டுகள் வைத்திருந்தாள். ஆடிய ஆட்டங்களை அதில் எழுதுவாள். எங்கே பயந்தாள், எங்கே பேராசைப்பட்டாள், குதிரைக்கு எப்போது வழி அடைபட்டது என்றெல்லாம் எழுதுவாள். எழுதித் திருத்தியதைத் தளத்தில் தமிழில் பாடங்களாகப் போடுவாள். அங்கே அவள் பெயர் வெண்ணாறு, ஊர்ப்பக்கம் ஓடும் ஆற்றின் பெயர். முப்பத்தோரு பாடங்கள் ஆகியிருந்தன. இருநூற்றுச் சொச்சம் பேர் அவற்றுக்கு இதயக்குறி இட்டிருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து யாரோ ஒரு பெண், "டீச்சர், அடுத்த பாடம் எப்போ?" என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியைக் குந்தவை எத்தனை முறை படித்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

அந்த மாதம்தான் தளத்தின் செயலியைப் புதிதாக மாற்றி எழுதியிருந்தார்கள். அவளுடைய பழைய போனிலும் அது சிக்காமல் ஓடியது. எழுத்து பெரிதாயிற்று. பட்டியல்கள் எல்லாம் தமிழில் வந்தன. டவர் ஒற்றைக் கோடு காட்டும் களத்தில்கூட ஆட்டம் அறுபடவில்லை. முன்பெல்லாம் ஆட்டத்தை அலசிச் சொல்லும் இயந்திரம் வேலை செய்ய நல்ல டவர் வேண்டும். இப்போது அது போனுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, எந்தக் காயை எங்கே நகர்த்தலாம் என்று நொடியில் அம்புக்குறி போட்டது. என்னென்ன மாற்றினோம் என்று அவர்கள் வெளியிட்ட குறிப்பைக் குந்தவை ஒரு வரி விடாமல் படித்தாள். இயந்திரத்தைப் பார்த்து ஆடுகிறவர்களைக் கண்டுபிடிக்கும் முறையைக் கூர்மையாக்கியிருக்கிறோம் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அப்படிப்பட்டவர்களிடம் அவளும் தோற்றிருக்கிறாள்.

செல்லதுரைக்குப் பொழுது போகவில்லை. இரண்டு நாள் அவள் ஆடுவதை எட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் தன் பெரிய போனில் அதே செயலியை இறக்கிக்கொண்டார். அவருக்கு ஆட்டம் பிடிபடவில்லை, அம்புக்குறி பிடிபட்டது.

"ஏய் குந்தவை! நீ வச்சிருக்கிற மாதிரியே நானும் காயை வச்சேன். இவன் யானையை நகத்துங்கிறான். நகத்து."

"வேணாம் சித்தப்பா."

"சும்மா நகத்தும்மா, ஜெயிச்சுரலாம்."

அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பெரிய வீம்புக்காரி" என்று ஜெயாவிடம் சொல்லிச் சிரித்தார்.

அன்று மூன்று மணிக்கு வானம் கறுத்தது. களத்தில் ஒரு வழக்கம் உண்டு. மழை இறங்கினால் என் நெல், உன் நெல் என்று பார்ப்பதில்லை. ஆள் குறைந்த குவியலை முதலில் மூடுவார்கள். ஆனால் அன்று மழை முன்தூறல் போடவே இல்லை. ஒரேயடியாகக் கொட்டியது. குந்தவை ஒற்றை ஆளாய்ப் படுதாவை இழுத்தாள். காற்று அவளையும் சேர்த்து இழுத்தது. செல்லதுரை தன் குவியலைப் பாதி மூடியவர், அதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். முனைகளில் செங்கல் வைத்தார். அவள் படுதா ஓர் ஓரத்தில் கிழிந்திருந்ததைப் பார்த்துத் தன்னுடையதில் ஒன்றை உருவிக்கொண்டு வந்து அதன்மேல் விரித்தார். "அந்த முனையைப் புடி! விட்றாத!" என்று அவர் கத்தியது மட்டும் மழையில் கேட்டது.

குந்தவையின் நெல் நனையவில்லை. அவருடையது ஒரு பக்கம் முழுக்க நனைந்தது. மறுநாள் காலை நெல்லின் ஈரம் பார்த்த நிலையத்து ஆள், "காய வச்சுக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டார். செல்லதுரையின் முறை தள்ளிப்போயிற்று.

"நெல்லுக்கும் குளிக்கணும்னு ஆசை இருக்கும்ல?" என்று சொல்லிக்கொண்டே அவர் ஈர நெல்லைக் காலால் கிளறிவிட்டார்.

குந்தவை ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தாள். வாய் வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. எடைபோடும் கொட்டகைப் பக்கம் டவர் கிடைக்கும். அங்கே போய் அரைமணி ஆட்டம் ஒன்றைத் தொடங்கினாள். எதிராளி அவளைவிடப் பெரிய ரேட்டிங். பதினைந்தாவது நகர்த்தலில் திணறினாள். தோளுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

"யானையை அந்தக் கடைசிக்குக் கொண்டு போ."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் மழையில் நனைந்த சட்டையையே இன்னும் போட்டிருந்தார். காலில் சேறு காய்ந்திருந்தது. நேற்று தன் நெல்லை விட்டுவிட்டு ஓடி வந்த மனிதரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவள் விரல் யானையைத் தொட்டது.

ஜெயித்தாள். "ஜெயிச்சுட்டம்ல!" என்று அவர் களம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார், எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மதியம் ஒரு ஆட்டம், மறுநாள் காலை ஒரு ஆட்டம். மூன்றிலும் அம்புக்குறிதான் ஆடியது. மூன்றாவது ஆட்டத்தில் வென்றபோது அவர் நீட்டிய டீயை அவள் ஜெயாவிடம் கொடுத்துவிட்டாள்.

அன்று பிற்பகல் தளத்தைத் திறந்தாள். வெண்ணாறு என்ற பெயருக்கு மேல் சிவப்பில் ஒரு வரி. ஆட்டங்களில் வெளி உதவி பெற்றதாகத் தெரிவதால் இந்தக் கணக்கு மூடப்பட்டிருக்கிறது. முப்பத்தோரு பாடங்களும் இனி மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது. கீழே, நீங்கள் விளக்கம் சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று தமிழில் ஒரு கட்டம். அதுவும் புதிதாக வந்ததுதான்.

"ஏன் மொகம் இப்படி இருக்கு?" என்றார் செல்லதுரை.

அவள் போனை நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"இதுக்கா? எவனும் உதவலை, நானா ஆடினதுன்னு எழுதிப் போடு. அவன் என்ன வந்து களத்துல பாத்தானா?"

"பாத்துதான் கண்டுபிடிச்சிருக்காங்க சித்தப்பா."

"என்னத்தக் கண்டுபிடிச்சான்? ஒருத்தருக்கு ஒருத்தர் ஒத்தாசையா இருக்கிறது ஒரு தப்பா? முந்தாநேத்து மழையில நான் ஒன் நெல்லை மூடலையா? அது மாதிரிதான் இதுவும்னு எழுது. நானும் வேணா எழுதித் தர்றேன். செல்லதுரை, டிராக்டர் ஓனர்னு கையெழுத்துப் போட்டு."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நெல்லை மூடுவதும் காயை நகர்த்தச் சொல்வதும் அவருக்கு ஒன்றுதான். வித்தியாசத்தை எப்படிச் சொல்வது என்று குந்தவைக்குத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அவள் சம்மதித்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

கொட்டகைச் சுவரோரம் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் எழுதினாள். உதவி இல்லை என்று முதலில் எழுதினாள். அந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டீச்சர் என்று கூப்பிட்டவளின் நினைவு வந்தது. அழித்தாள். கடைசியில் அனுப்பியது இதுதான்:

"மூன்று ஆட்டங்களில் பக்கத்துக் குவியல்காரர் இயந்திரத்தைப் பார்த்துச் சொன்னார். நான் கேட்டு நகர்த்தினேன். அவருக்கு இது தப்பு என்று தெரியாது, எனக்குத் தெரியும். அவர் எங்கள் நெல்லைக் காப்பாற்றியவர். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்ற நாலாயிரம் ஆட்டங்களும் நான் ஆடியவை. பாடங்களும் நான் எழுதியவை."

அடுத்த நாள் குந்தவை வீட்டு நெல்லை எடை போட்டுச் சாக்கில் பிடித்தார்கள். அம்மா கலைமகள் சாமிக்குச் சூடம் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். குந்தவைக்கு இனிக் களத்தில் வேலை இல்லை. ஆனாலும் மறுநாள் காலை வந்தாள். செல்லதுரையின் குவியலோரம் உட்கார்ந்துகொண்டு, "நீங்க சாப்பிட்டு வாங்க சித்தப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாள். அதைச் சொல்லவே வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"பாருடி ஜெயா, எனக்குக் காவக்காரி வந்துட்டா!" என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. எழுதியவர் பெயரில்லை. சம்பளமில்லாமல் இந்த வேலையைச் செய்கிறவர்களில் ஒருவர் என்று மட்டும் இருந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி. பழைய கணக்கைத் திறக்க முடியாது, விதி எல்லாருக்கும் ஒன்று. ஆனால் நீங்கள் புதிய பெயரில் தொடங்கலாம். பாடங்களைப் புதிய கணக்குக்கு எடுத்துக்கொள்ள வழி செய்கிறோம். இன்னொரு முறை நடந்தால் அதோடு முடிந்தது. இனி ஆட்டம் முடியும்வரை பலகையை யாரிடமும் காட்டாதீர்கள்.

குந்தவை அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புதிய பெயர் வைத்தாள். ரேட்டிங் இருக்கும் இடத்தில் ஒரு கேள்விக்குறி. நெல்லை ஒரு முறை கிளறிவிட்டு வந்து, முதல் ஆட்டத்தைத் தொடங்கினாள்.

ஏழாவது நகர்த்தலில் டிராக்டர் சத்தம் கேட்டது. செல்லதுரை பல் குத்திக்கொண்டே வந்து பக்கத்தில் குந்தினார். மடியிலிருந்து போனை எடுத்தார்.

"தொறந்துட்டானா? நான்தான் சொன்னேன்ல. காட்டு, எவன்கூட ஆடுற?"

அவள் போனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாம் சித்தப்பா."

"அட, காட்டும்மா."

"இந்த ஆட்டத்தை நான் ஆடறேன். தோத்தாலும் நானே ஆடறேன்." குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "நீங்க சொன்ன மாதிரி நான் எழுதலை. ஒருத்தர் பாத்துச் சொன்னாரு, நான் நகத்தினேன்னு உள்ளதை எழுதிட்டேன்."

அவர் குத்திக்கொண்டிருந்த ஈர்க்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"என் பேரைப் போட்டியா?"

"இல்ல. பக்கத்துக் குவியல்காரர்னு போட்டேன்."

"அவ்வளவுதானா?"

"எங்க நெல்லைக் காப்பாத்துனவருன்னும் போட்டேன். அது வேற, இது வேற சித்தப்பா. மழைன்னா நாளைக்கும் உங்களைத்தான் கூப்பிடுவேன். இதுல மட்டும் வேணாம்."

வாழ்க்கையில் அவள் ஒருவர் முகத்தைப் பார்த்து இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. போனில் எதிராளி காயை நகர்த்திவிட்டார். இப்போது அவளுடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, வருத்தமா, வேறு எதுவுமா என்று அவளுக்கு விளங்கவில்லை.

செல்லதுரை போனை மடியில் செருகிக்கொண்டார். ஒரு கைப்பிடி நெல்லை அள்ளி, ஒன்றிரண்டை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு, மீதியைக் குவியலில் போட்டார். முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். நெல்லைப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை. நீ போகலாம் என்றும் சொல்லவில்லை. குவியலைக் குந்தவையிடம் விட்டுவிட்டு, டிராக்டர் நின்ற இடத்தைத் தாண்டி, வாய்க்கால் கரையோடு நடந்து போய்விட்டார்.