சக்களத்திக்கு நீலம்

"தள்ளி நின்னு அடி! ஒரு ஜாண் தள்ளின்னு எத்தனை தடவை சொல்றது?"

ஷெட்டைப் பார்த்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடந்த கணவரின் குரலில் காற்றுதான் அதிகம் இருந்தது. அவள் ஸ்ப்ரே கன்னைத் தாழ்த்தி, முகமூடியை மோவாய்க்கு இறக்கினாள்.

"நீங்க சும்மா படுங்க. காலம் பூரா பஸ் ஓட்டினீங்களே, அப்போ ஒருநாளாவது பெயின்ட் அடிச்சிருக்கீங்களா? நீங்களும் கத்துக்குட்டி, நானும் கத்துக்குட்டி."

அந்தப் பழைய காரை அவள் சக்களத்தி என்றுதான் சொல்வாள். ஓய்வு பெற்ற மறுநாளே, "கடைக்காரனுக்கு எதுக்குக் குடுக்கணும், நானே அடிக்கிறேன்" என்று வரிந்து கட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் இறங்கிவிட்டார் மனிதர். துருவைத் தேய்த்தார், கண்ணாடிகளில் செய்தித்தாள் ஒட்டினார், சாம்பல் நிற ப்ரைமர் அடித்தார். எல்லாம் சரிதான், ஆனால் ஒரே ஒரு வியாதி. காய்ந்துவிட்டதா என்று கட்டைவிரலை வைத்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. என்றைக்கோ ஃபேன் பெல்ட்டில் மாட்டிக் குறுக்கே தழும்பு விழுந்த விரல் அது. ஒவ்வொரு முறையும் தழும்போடு ரேகை பதியும். மறுபடி தேய், மறுபடி அடி. அப்படியே மாதங்கள் ஓடின. பிறகு நோய் வந்து கட்டிலில் போட்டது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரும் கைவிரித்துவிட்டார்.

"நீலம் அடிச்சு ஒரு தடவை பாத்துட்டா போதும்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அதனால்தான் கன் அவள் கைக்கு வந்தது. நீல டப்பாவை இன்று காலைதான் திறந்தாள்.

"முடிஞ்சதும் என்னைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போ. தொட்டுப் பாக்கணும்."

"காயட்டும், அப்புறம் தொடலாம். அதுக்குள்ள விரல் பட்டுச்சு, கையை ஒடிச்சுடுவேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

தூசி எழாமலிருக்கத் தரையில் இன்னொரு முறை தண்ணீர் தெளித்துவிட்டு கம்ப்ரஸரைப் போட்டாள். அந்த இரைச்சலில் வேறு எதுவும் கேட்காது. கடைசியாக டிரைவர் பக்கத்துக் கதவு. கை நடுங்காமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்தாள். ஒரு சொட்டு வழியவில்லை. அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். "பாத்தீங்களா? உங்க சக்களத்தி, ச்சே, என் சக்களத்தி எப்படி மின்னுறா!"

அவர் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் சிரிப்பு.

"வாயடைச்சுப் போச்சா? நல்லாருக்குன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

ஒரு ஈ வந்து அவருடைய இமையில் உட்கார்ந்தது. அவர் கண் சிமிட்டவில்லை.

அவள் திரும்பிப் போய் ஷெட்டை இழுத்துப் பூட்டினாள். தூசி படக் கூடாது என்று மட்டும்தான் அப்போது தோன்றியது. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அவர் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்த மகள் கையை நிறுத்தினாள். "அம்மா, அப்பா விரல்ல என்ன இது?"

கட்டைவிரலில் நீலம். ஈரமான நீலம். இரண்டு வாரமாக எழுந்து உட்காரக்கூட முடியாதவர். அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். உறை போட்டு அடித்த கைகளில் பொட்டு நீலம் இல்லை.

"தொடைச்சிடு" என்றாள்.

மறுநாள் அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஷெட்டில் கிடந்த நாற்காலிகளை எடுக்க வேண்டும் என்று கொழுந்தன் சாவி கேட்டான். அவளும் கூடப் போனாள். தண்ணீர் தெளித்த தரை உலர்ந்து, அவளுடைய செருப்புத் தடம் மட்டும் மண்ணாகப் பதிந்திருந்தது.

"அண்ணி, யாரோ கை வச்சுட்டாங்க."

டிரைவர் பக்கத்துக் கதவில், கைப்பிடிக்குப் பக்கத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை. குறுக்கே கோடாகத் தழும்பு.

அவளுக்குப் பிடரி சில்லிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்ததென்னவோ பழைய கோபம்தான். "சொன்னேன்ல? காயட்டும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? ஒரு நாளாவது என் பேச்சைக் கேட்டிருக்கீங்களா?"

கொழுந்தன் திரும்பிப் பார்த்தான். "என்னைத்தான் சொல்றீங்களா அண்ணி?"

அவள் கதவின் பக்கம் குனிந்தாள். அவன் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அலமாரியிலிருந்து உப்புத்தாளை எடுத்தான். "லேசாத் தேய்ச்சு இன்னொரு கோட் அடிச்சா தெரியாது."

"எடுத்த இடத்துல வைப்பா."

அவள் கதவு நெடுகத் தடவிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி இறுகிக் காய்ந்திருந்தது. ரேகையின் மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அங்கே மட்டும் ஈரம். விரலை எடுத்தபோது கதவில் அவருடைய ரேகை கலையாமல் அப்படியே இருந்தது.

வீட்டுக்குள் மகள் குழாயைத் திறந்துவிட்டு, "ஐயோ, பெயின்ட்டு. கையைக் கழுவும்மா" என்றாள்.

"அப்புறம்" என்று சொல்லி, அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.