எழுந்து நிற்கிற பழக்கம்

ரங்கநாதன் தெருத் துணிக்கடையின் இரண்டாவது மாடியில், மடித்து அடுக்கிய நைட்டிகளின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து அந்த வீடியோவைப் பார்த்தபோது ஆஃப்ரீனுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. திரையில் நிற்பது அவளேதான். நந்தனத்து மண்டபத்தில், முன்வரிசையில், வலது கையைத் தோளுக்கு நேராக நீட்டிக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி நிற்கிறாள். பின்னால் பழைய கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் அதே போல் கையை நீட்டி நிற்கிறார்கள். மேடையில் மைக் பிடித்த பெண் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்லக் கூட்டம் திருப்பிச் சொல்கிறது. அத்தனை குரலுக்கும் மேலே கணீரென்று கேட்பது ஆஃப்ரீனின் குரல்.

"புதிய பொருளாதாரத்தை வரவேற்கிறோம். அறிவு நகரத்துக்கு எங்கள் முழு ஆதரவைத் தருகிறோம்."

கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி ஓடியது. மூடிய தொழிற்சாலை இருந்த நிலத்தில் அறிவு நகரம் அமைக்கத் தொழிலாளர்கள் சம்மதம் தந்துவிட்டார்களாம்.

சம்மதமா? யார் தந்தது? கூட்டத்தில் போட்ட மத்தியானப் பிரியாணியைத் தின்ற மயக்கத்தில், எழுந்திரு என்றதும் எழுந்தார்கள், சொல் என்றதும் சொன்னார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று ஊரில் சொல்வார்கள். ஆஃப்ரீன் சொந்தத் தொண்டையால் வைத்துக்கொண்டாள்.

வளர்ந்த மனிதர்கள் இப்படியா ஏமாறுவார்கள் என்று கேட்கிறவர்கள் கொஞ்ச நாள் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். பூந்தமல்லி தாண்டி இருந்த அந்தக் கம்பெனியில், கார்களுக்குள் ஓடும் வயர்களை வெட்டி, முனை பொருத்தி, கட்டாகக் கட்டி அனுப்பினார்கள். ஒவ்வொரு ஷிஃப்டும் உறுதிமொழியோடுதான் தொடங்கும். மைக்கில் "ரெடி" என்றதும் எழுந்து, கையை நீட்டி, பாதுகாப்பு, தரம், ஒழுக்கம் என்று முழுவதையும் திருப்பிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லி முடிக்காமல் பெல்ட் ஓடாது. லைன் லீடராக இருந்த ஆஃப்ரீன்தான் முதல் குரல். காய்ச்சல் அடித்தாலும், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாலும், வாய் தன்பாட்டுக்குச் சொல்லும்.

கூட வேலை பார்த்த முருகையன் தன் மகளுக்குக் காது குத்தியபோது, மண்டபத்தில் மைக் செட்காரன் "ஹலோ, ரெடி, ரெடி" என்று சோதித்துப் பார்த்தான். பந்தியில் இருந்த கம்பெனி ஆட்கள் பாதிப் பேர் சாம்பார்க் கையோடு எழுந்து நின்றுவிட்டார்கள். முருகையன் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தான்.

அப்புறம் கம்பெனி மூட்டையைக் கட்டிவிட்டது. ஆர்டர் இல்லை என்றார்கள், வேறு மாநிலத்தில் சலுகை என்றார்கள், கடைசியில் ஒன்றும் சொல்லாமல் கேட்டைப் பூட்டினார்கள். லைன் லீடர் ஆஃப்ரீன் மேற்கு மாம்பலத்து வீட்டிலிருந்து நடந்து வந்து நைட்டி மடிக்கிறாள். கம்பெனியில் அவளை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இங்கே "ஏம்மா, நைட்டி" என்பதுதான் அவள் பெயர். முருகையன் ஆப்பில் வரும் ஆர்டருக்குச் சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு அடையாறு முழுக்க பைக் ஓட்டினான். போன மழையில் ஒரு தண்ணீர் லாரி அவனை முடித்துவிட்டது. பையில் இருந்த சாப்பாடு என்ன ஆயிற்று என்று அந்த ஆப்பிலிருந்து போன் மேல் போன் வந்ததாம். ஆளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அரசாங்கம் சும்மா இருக்குமா? வேலைகள் போன மாநிலத்தின் பொருளாதாரத்தை மறுபடி தூக்கி நிறுத்துகிறோம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். அதற்கு ஆலோசனை சொல்ல ஒரு நிறுவனம் வந்தது. கம்பெனி இருந்த இடம் அரசாங்க நிலம், தொழிற்சாலைக்கென்று ஒதுக்கியது. அதில் அறிவு நகரம் என்று கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுப்ப வேண்டுமென்றால் பழைய தொழிலாளர்களிடம் இரண்டு முறை கருத்துக் கேட்க வேண்டும். முதல் முறை கேட்ட லட்சணம்தான் அந்த வீடியோ.

ஆஃப்ரீன் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு நந்தனத்துக்கு நேராகப் போனாள். திட்ட அலுவலகத்தில் கோதண்டபாணி என்ற அதிகாரி இருந்தார். கூட்டத்தை நடத்திப் பதிவு செய்தவர் அவர்தான். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். ஆஃப்ரீனுக்கு அதனாலேயே கோபம் கூடியது.

"சார், அது சம்மதம் இல்ல சார். எங்களுக்குப் பழக்கம். எழுந்திருன்னா எழுந்திருவோம்."

"பழக்கம்னு நான் எப்படிம்மா பதிவு பண்றது? நீங்கதானே எல்லாரையும்விட சத்தமா சொன்னீங்க?"

"அந்த டவர் வந்தா எங்களுக்கு இன்னா வேலை சார்?"

"நிறைய இருக்கும்மா. ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன். உலகம் பூரா ஃபேக்டரி குறைஞ்சுக்கிட்டு வருது. நம்ம மட்டும் அதைப் புடிச்சுக்கிட்டுத் தொங்க முடியுமா?"

"பேட்டரி கட்ற கம்பெனி ஒண்ணு அந்த எடத்த கேக்குதாமே? பழைய ஆளுங்களையே எடுத்துக்கறேன்னு சொல்லுதாமே?"

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டிருக்காங்க, உண்மைதான். நிலம் தொழிற்சாலை நிலமா இருக்கிற வரைக்கும்தான் அந்த விண்ணப்பம் உயிரோட இருக்கும். சனிக்கிழமை ரெண்டாவது கூட்டம். ஆட்சேபணை இருந்தா அங்க சொல்லுங்க. அங்கயும் போன தடவை மாதிரியே நடந்தா ஃபைலை முடிச்சு மேல அனுப்பிடுவேன். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

எழுந்து வாசல் வரை போனவளை அவரே கூப்பிட்டார். "அந்த உறுதிமொழி ஐடியா எங்களோடது இல்லம்மா. உங்க ஆள் ஒருத்தர்தான் சொன்னாராம், கையை நீட்டுன்னா நீட்டுவாங்கன்னு."

அந்த ஆள் யார் என்று கண்டுபிடிக்க ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. முதல் கூட்டத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டவன் ஒருத்தன்தான். மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் செந்தில்குமாரைப் பிடித்தாள். லைனில் அவளுக்குக் கீழே வேலை பார்த்தவன், அக்கா அக்கா என்று உயிரை விடுவான். இப்போது புதுச் சட்டை போட்டிருந்தான்.

"நீதானடா சொன்ன?"

"இன்னாக்கா நீ. காலைல கம்பெனில இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டாங்க, சொன்னேன். இதுல இன்னா தப்பு கீது?"

"உனுக்கு இன்னா குடுக்கறாங்க?"

அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "டவர்ல சூப்பர்வைசர். ஏசில நின்னுக்கினு பாக்கற வேல. கோச்சுக்காதக்கா. பேட்டரி கம்பெனி வரும் வரும்னு எத்தினி நாளு காத்துக்கினு இருக்கறது? அதுவும் ஒரு நாளு ஓடிப்போவும். ஃபேக்டரில வேல செஞ்சு நம்ம இன்னாத்த கண்டோம்?"

ஏன் காணவில்லை? ஒரு மாசச் சம்பளம் வந்தது, பஸ் வாசலுக்கு வந்தது, காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி இருந்தது, பெண்டாட்டி பிள்ளைகளிடம் இன்ன இடத்தில் இன்ன வேலை என்று சொல்ல முடிந்தது. இதையெல்லாம் கண்ட பிறகும் இன்னாத்த கண்டோம் என்கிறானே என்று நெஞ்சு கொதித்தது.

"ஒனக்கு வேல வேணும்னா நீ போ. எங்க கைய ஏண்டா வித்த?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமைக்குள் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் போன் போட்டாள். உறுதிமொழி என்று சொன்னால் எழுந்திருக்காதீர்கள், கையைத் தூக்காதீர்கள், வாயைத் திறக்காதீர்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். நாங்க இன்னா ஸ்கூல் பசங்களா என்றார்கள். முருகையனின் மனைவி நிஷா மட்டும் சிரிக்கவில்லை. ஆற்றோரத்து வீட்டை இடித்து அவர்களை ஊர்க்கோடியில் இருக்கும் பெரும்பாக்கத்துக் குடியிருப்புக்கு அனுப்பியபோதும் இப்படித்தான் சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டு, கை தட்ட வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டார்களாம். "நான் வரேன்கா. என்னிய எதுக்கோ மேடைக்கு வேற கூப்ட்டுக்கிறாங்க" என்றாள். எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. கோதண்டபாணி மேடை ஓரத்து மேசையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். மைக் பிடித்தவள் அதே பெண், ஜானு. ஆலோசனை நிறுவனத்தின் ஆள், சிரித்த முகம், எல்லோரையும் ஃப்ரெண்ட்ஸ் என்று கூப்பிடுவாள். திரையில் கண்ணாடிக் கோபுரங்களைக் காட்டினாள். கோபுரத்தின் அடியில் புல்வெளி, புல்வெளியில் லேப்டாப் வைத்த இளசுகள். ஓரத்தில் துடைப்பத்தோடு ஒரு ஆளைக்கூடப் போடவில்லை.

"ஓகே ஃப்ரெண்ட்ஸ், ரெடியா? எல்லாரும் எழுந்து நிக்கலாமா?"

முன்வரிசையில் இரண்டு பேர் பாதி எழுந்து, பக்கத்து ஆள் சட்டையைப் பிடித்து இழுத்ததும் உட்கார்ந்தார்கள். பின்னால் யாரோ "பந்தில சாம்பார் கீதா?" என்று கேட்க, மண்டபமே சிரித்தது. ஆஃப்ரீனுக்கு மூச்சு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுகூட நினைத்தாள். பாவம், எதிராளியின் கையில் இன்னொரு சீட்டு இருப்பது அவளுக்குத் தெரியாது.

ஜானு கோபித்துக்கொள்ளவில்லை. செந்தில்குமாரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் போய்த் திரைக்குப் பக்கத்தில் ஒரு துணியை விலக்கினான். மாலை போட்ட படம். படத்தில் முருகையன், கம்பெனி சட்டையில், வாய் நிறையச் சிரிப்போடு.

"நம்ம நண்பர் முருகையன் இன்னிக்கு நம்மகூட இல்ல," என்று ஜானு தழுதழுத்தாள். "அவர் மனைவியை மேடைக்கு அழைக்கிறேன். ஒரு நிமிஷம் எழுந்து நின்னு மௌன அஞ்சலி செலுத்துவோம்."

இதற்கு யார் உட்கார்ந்திருப்பார்கள்? மண்டபம் மொத்தமும் எழுந்தது. ஆஃப்ரீனும் எழுந்தாள். நிஷா மேடையேறிப் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். ஆஃப்ரீனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. முருகையனுக்காக இந்த ஊரில் முதன்முறையாக ஒரு கூட்டம் எழுந்து நிற்கிறது என்று நினைத்தாள்.

"நன்றி. அப்படியே நில்லுங்க," என்றது மைக். "முருகையனோட கனவுக்காக, எல்லாரும் வலது கையை நீட்டுங்க. ரெடி. புதிய பொருளாதாரத்தை..."

கைகள் எழுந்தன. அழுதுகொண்டே எழுந்தன. கேமரா பிடித்தவன் குனிந்து முன்னால் வந்தான். ஆஃப்ரீன் தன் வலது கை தோளுக்கு நேராக நீண்டிருப்பதைப் பார்த்தாள். அவள் அதை நீட்டவில்லை. அது நீண்டிருந்தது. வாய் முதல் வார்த்தைக்குத் திறந்தும் விட்டது.

அப்போது வந்த கோபம் போல் அவளுக்கு ஜென்மத்தில் வந்ததில்லை. உயிரோடு இருந்தவனை வேலையிலிருந்து துரத்தினார்கள், ரோட்டில் ஓடவிட்டுக் கொன்றார்கள், இப்போது பிணத்தைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்குகிறார்கள்.

"உக்காருங்க!"

லைனில் இயந்திரச் சத்தத்தை மீறிக் கேட்ட குரல் அது. மைக்கால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜானு திகைத்துப் போய், "மேடம், இது அஞ்சலி. ப்ளீஸ், மரியாதை குடுங்க," என்றாள்.

"செத்தவனுக்கு நின்னாச்சும்மா. ஒங்களுக்கு நிக்க மாட்டோம். உக்காருங்க எல்லாம்!"

யாரும் உட்காரவில்லை. நீட்டிய கைகள் நடுவில் நின்றன. முருகையன் சிரித்துக்கொண்டு பார்க்கிறான், அவன் முன்னால் முதலில் உட்காருகிறவன் யார்? ஆஃப்ரீன் உட்கார்ந்தாள். அவள் ஒருத்திதான். சுற்றிலும் இடுப்பும் முழங்கையும்தான் தெரிந்தன. தொலைந்தது, அவ்வளவுதான் என்று தோன்றியது.

மேடையில் நிஷா படத்தைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அங்கேயே மேடைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"உக்காருங்கப்பா," என்றாள். "அந்தாளு ஒண்ணியும் தப்பா நென்ச்சுக்க மாட்டாரு."

பிளாஸ்டிக் நாற்காலிகள் கிறீச்சிட்டன. முதலில் முன்வரிசை, பிறகு நடுவில், பிறகு மண்டபம் பூராவும். படத்துக்குப் பக்கத்தில் செந்தில்குமார் மட்டும் கையை நீட்டியபடி நின்றான். மடக்குவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேமரா அவனைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

ஆஃப்ரீன் எழுந்து மேடை ஓரத்துக்குப் போனாள். கோதண்டபாணி பேனாவை மூடி சட்டைப்பையில் சொருகியிருந்தார்.

"பேனாவ எடுங்க சார். ஆட்சேபணை இருந்தா இங்க சொல்லுன்னீங்களே, சொல்றோம்."

"ஒவ்வொருத்தரா வரட்டும்மா. முதல்ல யாரு? உங்க பேரா?"

"இல்ல. முருகையன்னு எழுதுங்க."

"அம்மா, அவர் இறந்துட்டாரு. இறந்தவர் பேரை எப்படி..."

"ஒங்களுக்கு சம்மதம் சொல்றதுக்கு மட்டும் அவன் வரணுமா?" கத்தியதில் தொண்டை கிழிந்தது. "எழுதுங்க சார்!"

மேடைத் தரையில் இருந்து நிஷா எழுந்து வந்து, முருகையன் சார்பில் கையெழுத்துப் போட, பேனாவுக்காக அவரிடம் கையை நீட்டினாள்.