கூலி அரிசி

இராஜரத்தினம் படியில் விழுந்த காலையில் இரஞ்சிதத்துக்கு முதலில் வந்த நினைப்பு முத்தாயியைப் பற்றியது.

சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் நடுவே, நெய்னா முகம்மதுவின் அரிசிக்கடைக்கு மேல்மாடியில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கந்தோரில் எழுத்தராக இருந்த கணவனின் கால்கள் சில வாரங்களாகவே வீங்கியிருந்தன. அன்று வேலைக்குப் போக இறங்கியவருக்குப் பாதம் எங்கே படுகிறது என்றே தெரியவில்லை. அவரைத் தூக்கி வந்து கிடத்திக்கொண்டிருந்தபோது, தெருக்குழாய்த் தண்ணீரோடு பின்படி ஏறி வந்தாள் முத்தாயி. வீட்டு வேலைக்கு வருபவள், கூலி லயத்தில் குடியிருக்கும் ரோட்டுக் கூலியின் மனைவி. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். மூச்சுகூட வாங்கவில்லை. தளராமல் படியேறி வந்த அவள் கால்களைப் பார்த்ததும் இரஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குடத்தை அங்கேயே வை. உள்ள வராதை."

"ஐயாவுக்கு என்னம்மா ஆச்சு?"

"உங்கட லயத்தில இருந்து நோயைக் கொண்டுவந்து தந்திட்டு, என்ன ஆச்செண்டு கேக்கிறியோ?"

"எங்க லயத்துல யாருக்கும்மா கால் வீங்குது? வந்து பாருங்க. எல்லாம் குத்துக்கல்லாட்டம் திரியுது."

"வாய் காட்டாதை. நாளையில இருந்து நீ வரத் தேவையில்லை."

முத்தாயி குடத்தை வைத்த வேகத்தில் தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டியது. "நான் கழுவின பாத்திரத்தத்தான் நீங்க மறுபடியும் கழுவுறீங்களே. அதுக்கப்புறமும் எப்படி ஒட்டுச்சாம் என் பீடை?"

இரஞ்சிதம் தன்னைக் கொடுமைக்காரி என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சாதி பார்ப்பவள் என்றும் நினைத்ததில்லை. மிஷன் பள்ளியில் படித்தவள். பாத்திரத்தை இன்னொரு தரம் கழுவுவது சுத்தத்துக்காக. முத்தாயிக்குப் பழைய சேலைகூடக் கொடுத்திருக்கிறாள். இதையெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே அந்தக் குடத்துத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினாள்.

பிற்பகலில் டாக்டர் வந்தார். வீக்கத்தில் விரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"வீட்டில் என்ன அரிசி?"

"சயாம் வெள்ளை அரிசி," என்றாள் பெருமையாக. "நல்லாத் தீட்டினது. கழுவிக் கழுவித்தான் உலையில போடுவன்."

"அதை நிறுத்துங்கள். வெள்ளை அரிசிக்காரர்கள்தான் இந்த நோயோடு என் வார்டில் கிடக்கிறார்கள். தமிழ்க் கூலிகள் வருவதில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. அவர்கள் தின்னும் புழுங்கல் அரிசியைக் கொடுத்துப் பாருங்கள். வீக்கம் நெஞ்சுக்குப் போனால் அவரைக் காப்பாற்ற முடியாது."

கன்னத்தில் அறைந்தது போலிருந்தது அவளுக்கு. ஆனாலும் கீழே போனாள்.

"முத்தாயிய நிறுத்திட்டீங்கன்னு சொன்னாங்க. அப்ப இந்தக் கூலி அரிசி யாருக்கு, தங்கச்சி?" என்றார் நெய்னா முகம்மது.

"வேலைக்காரிக்கு."

"ஓ, புதுசா ஒருத்தி வர்றாளா? நல்லாத் தின்பா போல."

அந்தச் சிரிப்பை அவள் வெறுத்தாள்.

சோற்றைப் பார்க்கும் முன்பே இராஜரத்தினத்துக்கு மணம் எட்டிவிட்டது. "என்ன இது? என்னையும் மண்வெட்டி பிடிக்க அனுப்பப் போறீரோ?" தட்டு சுவரில் மோதி விழுந்தது. "செத்தாலும் உந்தச் சோறு தின்னமாட்டன்."

அவர் சாகத்தான் போகிறார் என்று, சிதறிய சோற்றை அள்ளும்போது அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் அதே அரிசியை ஊறவைத்து, இடித்து, மணம் போகுமட்டும் வறுத்து, தேங்காய்ப்பூ தூவிப் பிட்டு அவித்தாள்.

"டாக்டர் சோத்தை நிப்பாட்டிப் பிட்டுத் தரச் சொன்னவர்," என்றாள்.

"அது நல்ல கதை. ஊர்ப் பிட்டு மாதிரியே இருக்கு."

வாரங்கள் போயின. வீக்கம் வற்றியது. அவர் சுவரைப் பிடித்து நடந்தார், பிறகு பிடிக்காமல் நடந்தார், பிறகு கந்தோருக்கும் போனார். கூட வேலை செய்யும் தியாகராசா ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார்.

"எப்பிடி மச்சான் எழும்பினீர்?"

"அவள் முத்தாயியை வேலையால நிப்பாட்டிக் கலைச்சம். அந்த நாளில இருந்து கால் வத்தத் தொடங்கிச்சு. வேற என்ன வேணும் சாட்சி?"

"ஐயோ, எங்கட வீட்டிலயும் அவள்தான் தண்ணி. கால் கனக்குது கனக்குதெண்டு என்ர மனுசி வள்ளிநாயகி நெடுகப் புலம்புறா."

"பிறகென்ன பாத்துக்கொண்டிருக்கிறீர்? கலையும்!"

இருவரும் சிரித்தார்கள். இரஞ்சிதம் பிட்டுத் தட்டோடு வாசலில் நின்றாள். உண்மையைச் சொன்னால் தட்டு மறுபடி பறக்கும், அவர் மறுபடி விழுவார். அதனால்தான் பேசவில்லை என்று சொல்லிக்கொண்டாள். அதற்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. அவர் சொல்வது காதுக்கு இதமாக இருந்தது. பிட்டுக்கு அந்த அரிசியை இடித்த கையோடு நின்றே அவள் அதைப் பாதி நம்பினாள்.

செய்தி தெருவில் பரவியது. யாழ்ப்பாணத்தார் வீடுகள் ஒவ்வொன்றாக முத்தாயிக்குக் கதவைச் சாத்தின. ஒருநாள் அவள் கடைவாசலில் நின்று மேலே பார்த்துக் கத்தினாள்.

"ஏ மாடிவீட்டம்மா! நான் போனதும் ஐயா எந்திரிச்சிட்டாராமே! அப்ப நான் என்ன பேயா? என் பொழப்புல மண்ணப் போட்டீங்களே, எறங்கி வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க!"

"போ புள்ள, யாவாரத்தக் கெடுக்காத," என்றார் நெய்னா முகம்மது.

இரஞ்சிதம் சன்னலை அடைத்தாள். எவ்வளவு திமிர் என்று நினைத்தாள். சன்னலிலிருந்து திரும்பியபோது கால் மரத்திருந்தது. உட்கார்ந்து, கணுக்காலில் விரலை அழுத்தினாள். குழி அப்படியே நின்றது.

அடுப்பைப் பார்த்தாள். பிட்டுப் பானைக்குப் பக்கத்தில் சின்னப் பானையில் அவளுக்கான சோறு. வெள்ளைச் சோறு. இத்தனை வாரமும் தினமும் அதைத்தான் வடித்துத் தின்றிருக்கிறாள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கு இடிப்பது சிரமம் என்று ஒரு காரணம் இருந்தது. ஆனால் இடிக்காமல் அப்படியே வேகவைத்திருக்கலாமே? அது ஒருநாளும் தோன்றவில்லை. அந்த அரிசி கணவனுக்கு மருந்து. தனக்குச் சோறாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் மனதின் எந்த மூலையிலும் எழவில்லை.

புழுங்கல் அரிசியை உலையில் போட்டாள். மணம் எழுந்தது. முத்தாயியின் சேலையில் வரும் மணம். அழுக்கின் மணம் என்றுதான் இவ்வளவு நாளும் எண்ணியிருந்தாள். ஊரில் அம்மா நெல் அவிக்கும்போதும் இதே மணம்தான் வரும். அங்கே அவள் மூக்கைச் சுளித்ததில்லை.

வடித்து, தட்டில் போட்டு, ஒரு வாய் வைத்தாள். விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தாள்.

அப்போது இராஜரத்தினம் கந்தோரிலிருந்து வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மணம்? அவள் முத்தாயி உள்ள வந்தவளோ?"

"இல்லை. இது என்ர சோறு." வாயில் இருந்ததை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள். "உங்கட பிட்டும் இந்த அரிசிதான். உங்களை எழுப்பினதும் இதுதான். வள்ளிநாயகிக்கும் போய்ச் சொல்லப்போறன்."

அவர் முகம் வெளிறியது. "பொய்," என்றார். பிட்டுப் பானையைப் பார்த்தார், தன் கால்களைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளியில சொன்னீரெண்டால் நான் கந்தோரில முகம் காட்டேலாது. வாயைப் பொத்தும்," என்றார்.

அவள் காலைப் பற்றி அவர் கேட்கவில்லை. முத்தாயியைப் பற்றி அவளும் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும். அவளைத் தேடிப் போகவும் வேண்டும். ஆனால் தலை குனியாமல் பேசக்கூடிய ஒரு வழியைத்தான் மனம் இப்போதும் தேடிக்கொண்டிருந்தது.

தண்ணீர் குடித்து அந்தக் கவளத்தை விழுங்கினாள். அடுத்த பிடியை உருட்டினாள்.