சாக்குக்குள் இரண்டு பூனைகள்

பூனையைச் சாக்கில் போடுவது சாமானியக் காரியமில்லை. போட்டுப் பார்த்தவர்களைக் கேளுங்கள், கையில் தழும்பைக் காட்டுவார்கள். அதிலும் தாய்ப் பூனை செவலையும் அதன் குட்டி சாம்பலும் ஏற்கெனவே ஒருமுறை சாக்குக்குள் இருந்து வந்தவை. எந்தப் புண்ணியவானோ தாயையும் குட்டியையும் கட்டிக்கொண்டுவந்து, குடமுருட்டிப் பாலத்தைத் தாண்டி, இந்தக் கரையில் அவிழ்த்துவிட்டுப் போயிருந்தான். வேண்டாத பூனையை ஆற்றுக்கு அப்பால் விட்டால் திரும்பி வராதாம். அக்கரைக்காரர்கள் இங்கே கொண்டுவந்து விடுவார்கள், நம்மவர்கள் அங்கே கொண்டுபோய் விடுவார்கள். இதுவும் ஒரு பிழைப்பு.

அன்று காலை இரண்டும் ஒரு மாதிரியாக இருப்பதைப் பார்த்து, அவற்றை வளர்க்கும் வேம்பு சாக்கை எடுத்து உதறியதுமே சாம்பல் ஒரே தாவாகத் தாவி நெற்குதிரின் மேல் ஏறிக்கொண்டது. செவலை ஓடவில்லை. அடுப்படியில் படுத்தபடி, வாயில் எச்சில் ஒழுக, பின்னங்காலை வெட்டி வெட்டி இழுத்தது. சாக்கைக் கண்டும் ஓடாத பூனையைப் பற்றி நல்லதாக என்ன நினைக்க முடியும்?

"எலியத் தின்னுத் தொலைச்சியா? எலி மருந்து வச்சிருக்காங்க, வரப்புப் பக்கம் போவாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று அதட்டிக்கொண்டே அதைத் தூக்கினாள். அறுவடை நெருங்கினால் வரப்பெல்லாம் எலி மருந்து வைப்பது வழக்கம்தான். வேறு காரணம் அவளுக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் யாருக்குமே தோன்றியிருக்காது.

குதிர் மேலிருந்த சாம்பலை இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கருவாட்டுத் துண்டைக் காட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. துடைப்பத்தால் தள்ளினாள், குதிருக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகொண்டது. கையை விட்டு இழுத்தபோது முழங்கை வரை கீறிவிட்டது. அதன் வாயோரத்திலும் நுரை கட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். பழைய புடவையைப் போர்த்தி, அமுக்கி, சாக்குக்குள் திணித்து வாயைக் கட்டினாள்.

பண்ணையில் கூலிக்குப் போகும் பக்கத்து வீட்டு ராசம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னடி, அக்கரைக்கா?"

"குடவாசல் மாட்டாஸ்பத்திரிக்கு."

"பூனைக்கா? புருசன் அங்க வரப்புல உசிரப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். இவளுக்குப் பூனை கேக்குது."

வேம்பு சாக்கின் முடிச்சை இறுக்கினாள். போன வருசம் புருசன் வீரையன் ஜெயிலில் கிடந்த மாதங்களில், போலீசுக்குப் பயந்து இந்த ராசம்மாள் உட்பட ஒருத்தரும் அவள் வாசலை மிதிக்கவில்லை. காலடியில் சுருண்டு படுத்துக் கிடந்தது செவலை ஒன்றுதான். அந்தச் சூடு இல்லாவிட்டால் அவளுக்குப் பைத்தியமே பிடித்திருக்கும். அதை ராசம்மாளிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

வீரையன் வரப்பில் நின்றது உண்மைதான். கழக ஆட்சி வந்து இரண்டாவது தேர்தலும் முடிந்து, குத்தகைக்காரனை வெளியேற்றக்கூடாது என்று சட்டமும் வந்துவிட்டது. பண்ணையார் அதற்கும் வழி கண்டுபிடித்தார். வீரையன் குத்தகைக்காரனே இல்லை, கூலிக்கு நட்டவன், விளைச்சல் பண்ணைக்குத்தான் என்று போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் அந்த ஊரில் ஒன்று உண்டு. நட்டவன் தன் வரப்பில் நிற்கும்வரை அவன் கதிரில் எந்தக் கூலியாளும் அரிவாள் வைக்க மாட்டார். பண்ணையே அடித்து ஓட்டினாலும் வைக்க மாட்டார். ஆகவே வீரையன் வீட்டுக்கு வராமல் வயலிலேயே கிடந்தான். அவன் நகர்ந்தால் நெல் போச்சு, நெல் போனால் நிலமும் போச்சு.

சாப்பாடு மட்டும் வேம்பு அனுப்புவாள். மதகடியில் ஒரு பூவரச மரம். அதன் கிளையில் தூக்குவாளியை மாட்டிவிட்டால், வயல் பக்கம் போகிறவர் யாரானாலும் எடுத்துப்போய் உரியவரிடம் சேர்ப்பார்கள். அடுத்தவர் தூக்கைத் திறந்து பார்த்தார் என்ற பேச்சே அங்கே கிடையாது. கொண்டுவந்தவருக்கு முதல் கவளம். உருட்டிக் கொடுக்காமல் யாரும் சாப்பிட மாட்டார்கள், வாங்காமல் யாரும் போக மாட்டார்கள்.

அன்றைக்கு விடிந்ததும் துரைராசு வந்திருந்தான். வீரையனோடு ஒரே விவசாயச் சங்கத்தில் கொடி பிடித்தவன், ஒரே நாளில் ஜெயிலுக்குப் போனவன், அவனைவிட வெகு சீக்கிரம் வெளியே வந்தவன். வாழையிலையில் ஒரு பெரிய விராலைத் துண்டு போட்டு, மிளகாயும் மஞ்சளும் தடவிக் கொண்டுவந்தான். "அண்ணனுக்குக் குழம்பு வச்சு அனுப்புங்க அண்ணி. வாய் செத்துக் கெடக்கும்" என்றான். விரால் என்றால் துள்ளத் துள்ளப் பானையில் கொண்டுவருவதுதான் பழக்கம். வேலை மிச்சம் என்று வேம்பு சந்தோசப்பட்டாளே தவிர, வேறெதுவும் யோசிக்கவில்லை. தலையைப் பூனைகளுக்குப் போட்டாள். குழம்பை வைத்து, சோற்றையும் போட்டு, தூக்கைக் கொண்டுபோய்ப் பூவரசில் மாட்டிவிட்டு வந்தாள். புருசன் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள். சட்டியில் மிச்சம் இருந்தது.

சாக்கைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்தபோது கருவாட்டு மூஸா சைக்கிளில் வந்தார். நாகப்பட்டினத்துக் கருவாட்டைக் கூடையில் வைத்து ஊர் ஊராக விற்கிறவர்.

"குடவாசலுக்காம்மா? கூடை மேல வையி, நான் தள்ளிக்கிட்டே வர்றேன்" என்றவர், சிறிது தூரம் போனதும் முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது? என் சைக்கிள் மணி கேட்டாலே ஊர்ப் பூனையெல்லாம் பின்னால வரும். உன் பூனைங்க கருவாட்டு மேலயே உக்காந்திருக்கு, ஒரு சத்தம் காணோமே."

வேம்பு சாக்கின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஒன்று வெட்டி வெட்டி இழுத்தது. மற்றது சாக்கைப் பிறாண்டியது. "சீக்கிரம் போங்க பாய்" என்றாள்.

பாலத்தில் போலீஸ் வேன் நின்றது. ஒரு போலீஸ்காரர் தடியால் சாக்கைக் குத்தினார்.

"உள்ள என்ன? அரிவாளா?"

"பூனைங்கய்யா. உசிருக்கு இழுத்துக்கிட்டு இருக்கு. தொறந்தா ஓடிப் போயிடும்."

"கதை விடாத. அவிழு."

அவிழ்த்ததுதான் தாமதம், சாம்பல் அவர் கையைக் கீறிவிட்டு வேனுக்கு அடியில் போய்ப் பதுங்கியது. அவர் கெட்ட வார்த்தையில் வைதார். வேம்பு தார் ரோட்டில் குப்புறப் படுத்து, சக்கரத்துக்கு அடியில் கையை நீட்டி, "சாம்பலு, வாடா, எஞ்சாமி, வாடா" என்று கெஞ்சினாள். மூஸா மறுபக்கம் உட்கார்ந்து கருவாட்டை ஆட்டினார். அது சீறியதே தவிர நகரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் அதற்கே கால் துவண்டு பக்கவாட்டில் சாய்ந்தபோதுதான் பிடரியைப் பிடித்து இழுக்க முடிந்தது.

கையில் துணி சுற்றிக்கொண்டிருந்த போலீஸ்காரர் அவளை உற்றுப் பார்த்தார். "நீ வீரையன் பொண்டாட்டிதானே? மத்தியானத்துக்கு மேல பண்ணை ஆளுங்க அறுக்க எறங்குறாங்க. அதுக்குத்தான் எங்களுக்கு டூட்டி."

"அவரு வரப்புல நிக்கிறாரு. அவரு நிக்கிறப்ப யாரும் அறுக்க மாட்டாங்க."

"மத்தியானம் அவன் நிக்க மாட்டான்னு தகவல்."

"யாருங்கய்யா சொன்னது?"

"சொன்னவங்க சொன்னாங்க. போ, பூனையப் பாரு."

அரெஸ்ட் பண்ணப் போகிறார்கள் போலிருக்கிறது என்று வேம்பு நினைத்தாள். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நின்றாள். சாக்குக்குள் செவலை முனகியது. ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நேரே வயலுக்குப் போய்விடலாம் என்று நடையை எட்டிப் போட்டாள்.

மாட்டாஸ்பத்திரியில் பசுக்களுக்கு நடுவே பூனைச் சாக்கோடு நின்றவளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. செவலையை மேசையில் கிடத்தினார். அது வயிற்றைச் சுருட்டி வாந்தி எடுத்தது. பிறகு விறைத்துக்கொண்டது. கண் திறந்தே இருந்தது.

"இது போச்சும்மா" என்றார் டாக்டர். சாம்பலுக்கு ஊசியைப் போட்டுக்கொண்டே கேட்டார். "என்ன தின்னுச்சு?"

வேம்பு செவலையின் மேல் இருந்த கையை எடுக்கவில்லை. "எலிங்கய்யா. மருந்து வச்ச எலி."

டாக்டர் வாந்தியைக் குச்சியால் கிளறினார். குனிந்து முகர்ந்தார். "எலி முடி ஒண்ணுகூட இல்லியே. மீன் செதிளும் முள்ளும்தான் கெடக்கு. எலி மருந்தும் இல்ல இது. வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்து நெடி. அந்த மீன வீட்டுல வேற யாரும் சாப்பிட்டாங்களா?"

துண்டு போட்டு வந்த விரால். மேலே அப்பிய மசாலா. மத்தியானம் நிக்க மாட்டான்னு தகவல். பூவரசங்கிளையில் அவள் கையால் மாட்டிய தூக்கு.

சாம்பலை டாக்டரிடமே விட்டுவிட்டு எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "பாய், என்னை ஏத்திக்கிட்டுப் போங்க. துரைராசு மீனுல மருந்து வச்சுட்டான் பாய். அதத்தான் நான் அவருக்கு ஆக்கி அனுப்பியிருக்கேன்" என்றாள். மூஸா கருவாட்டுக் கூடையைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு ஏறி மிதித்தார். புருசன் சைக்கிளில்கூடப் பின்னால் உட்கார்ந்து அறியாத வேம்பு, காலி சாக்கை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரில் யார் பார்த்தால் என்ன, என்ன சொன்னால் என்ன? மாரியாத்தா, கிளையில அது இருக்கணும், யாரும் அந்தப் பக்கம் போயிருக்கக்கூடாது என்று வழியெல்லாம் வாய் விட்டே வேண்டிக்கொண்டு வந்தாள். சூரியன் உச்சிக்கு வந்திருந்தது.

பூவரசில் தூக்கு இல்லை.

அவள் வரப்பில் ஓடினாள். சேற்றில் விழுந்து எழுந்து ஓடினாள். பழுத்த கதிர்கள் காலில் அடித்தன. வயலின் கோடியில் ஒற்றைப் பனை, அதன் நிழலில் வீரையன். சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அசைவில்லை. தூக்கு அவன் பக்கத்தில் இருந்தது.

"என்னங்க" என்று அலறினாள். அவன் தலையைத் திருப்பினான்.

அவள் அவன் முன்னால் விழுந்து, வாயைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். "சாப்பிட்டீங்களா? சொல்லுங்க, சாப்பிட்டீங்களா?"

"இல்ல" என்றான் வீரையன். தூக்கின் மூடி மூடியே இருந்தது. "துரைராசுதான் கொண்டாந்தான். நேரத்தோட சாப்பிடுண்ணேன்னு சொல்லிட்டுக் கெளம்புனான். உக்காருடா, உனக்கு ஒரு கவளம்னேன். வயிறு சரியில்லேன்னு முகத்தத் திருப்பிக்கிட்டுப் போறான். ஜெயிலுல என் தட்டுலேருந்து பிடுங்கித் தின்னவன் அவன். அதான் தொடாம உக்காந்திருக்கேன்." சற்று நிறுத்தி, "நான் நெனைக்கிறது நெசமா?" என்று கேட்டான்.

"செவலை செத்துப் போச்சு" என்றாள் வேம்பு. ஓவென்று அழுதாள். பயத்தில் வந்த அழுகையா, அவன் இருக்கிறான் என்பதில் வந்த அழுகையா, செவலைக்காகவா, எல்லாமும்தான்.

மதகுப் பக்கம் ஆள் சத்தம் கேட்டது. அரிவாளோடு கூலியாட்கள் வரிசையாக வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் போலீஸ்காரர்கள். எல்லாருக்கும் முன்னால் வழிகாட்டியபடி துரைராசு. வயலில் யாரும் நிற்கவில்லை என்ற தைரியத்தில் வேகமாக வந்தான்.

வீரையன் எழுந்து பனை நிழலைவிட்டு வரப்பின் நடுவில் வந்து நின்றான். அவனைப் பார்த்ததும் கூலியாட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். துரைராசுவின் முகத்தில் ரத்தம் இல்லை.

வீரையன் தூக்கைத் திறந்தான். குழம்பு வாசம் காற்றில் பரவியது. சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் உருட்டி, கையை நீட்டினான்.

"எனக்குச் சோறு சுமந்து வந்தவன் நீ. வாங்கிக்காமப் போகலாமா? எல்லாரும் பாக்குறாங்க, வாங்கிக்கடா."

பின்னால் வந்தவர்களின் கண்ணெல்லாம் துரைராசுவின் கையிலேயே இருந்தது. நீட்டிய கவளத்தை வாங்காத ஆளை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. வேம்பு அழுகையை நிறுத்தி, காலி சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புருசன் பக்கத்தில் போய் நின்றாள். துரைராசு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். வரிசையின் கடைசியில் நின்ற ராசம்மாள் முதலில் அரிவாளை இடுப்பில் செருகினாள். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகச் செருகிக்கொண்டார்கள்.